ஐந்து மணி நேரம் போய்ப் பார்த்த அடுத்த நிறுத்தத்துக்காரர்

போன வருடம் பெருநகரத்தில் நடந்த காமிக் கானுக்கு, அதாவது காமிக்ஸ் ரசிகர்கள் கூடுகிற விழாவுக்கு, போயிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். இருட்டு விலகுவதற்குள் கிளம்பி, அரைத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்து, நுழைவு வரிசையில் நின்றால் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். கையில் சின்ன நோட்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பேனாவால் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்ப்பது தப்புதான், பார்த்துவிட்டேன். மேலே ஒரு தொடரின் பெயர், கீழே வெறும் எண்கள்: 14, 17, 22, 23, 31. விட்டுப்போன இதழ்களின் பட்டியல். பார்த்தவுடனே புரிந்துவிட்டது, என் பையிலும் அப்படி ஒன்று இருந்ததே.

"சார், 22 என்கிட்ட ரெண்டு இருக்கு" என்றேன்.

திரும்பினார். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். "கொண்டு வந்திருக்கீங்களாம்மா?"

"இல்ல சார், வீட்ல இருக்கு."

"வீடு எங்கம்மா?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கும் அதே ஊர். அதே பஸ் தடம். அவர் ஏறும் நிறுத்தத்துக்கு அடுத்தது என்னுடையது. பதினோரு வருடமாக அந்தத் தடத்தில் போய் வந்துகொண்டிருக்கிறேன், நிச்சயம் எத்தனையோ முறை அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அந்த 22ஆம் இதழ் அவர் வீட்டிலிருந்து நடந்தே வரக்கூடிய தூரத்தில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. அதைத் தேடி மனுஷன் ஐந்து மணி நேரம் வந்திருக்கிறார்.

எங்கள் ஊர் நடுத்தர ஊர். சின்ன ஊராக இருந்தால் எதிர்பார்ப்பே இருக்காது, பெருநகரமாக இருந்தால் ஏங்க வேண்டியிருக்காது. இது இரண்டும் இல்லை. கார் கண்காட்சி நடக்கிறது. நாய்க் கண்காட்சி நடக்கிறது. குளியலறை ஓடுகளுக்கென்று தனியாக ஒரு கண்காட்சி மூன்று நாள் நடந்தது, அதற்கும் போனேன், உள்ளே நுழைய இடமில்லை. காமிக்ஸுக்கு மட்டும் ஒன்றுமில்லை. யாரிடமாவது சொன்னால் உடனே வருகிற பதில், "இங்க யாருங்க அதெல்லாம் படிக்கிறாங்க?" இந்த அலுப்புக்கு நடுவில்தான் சாரைப் பார்த்தேன்.

எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. அதனால் கோபப்படுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவேன். பழைய இதழ் வியாபாரியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவருடைய சரக்கு காகிதம். காகிதத்தைப் போலக் கனக்கிற சரக்கு வேறு கிடையாது. லாங் பாக்ஸ் என்று சொல்கிற நீளப்பெட்டி ஒன்றில் இருநூறு இதழுக்கு மேல் பிடிக்கும். நிரப்பிய பிறகு அதை ஒற்றை ஆளாகத் தூக்கி மேஜை மேல் வைத்தவர்களுக்கு இடுப்பு என்றால் என்னவென்று தெரியும். அப்படி முப்பது, நாற்பது பெட்டிகளை வண்டியில் ஏற்றி, எரிபொருள் போட்டு, இரண்டு இரவு அறை எடுத்து, மேஜை வாடகையும் கட்டிவிட்டுத்தான் அவர் முதல் இதழையே விற்க ஆரம்பிக்கிறார். பெருநகரத்தில் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். எங்கள் ஊரில் ஞாயிறு சாயங்காலம்கூட வருமா என்று அவருக்குத் தெரியாது. தெரியாத ஊருக்கு நாற்பது பெட்டி தூக்க நானாக இருந்தாலும் யோசிப்பேன்.

அப்புறம் அரங்கம். நடுத்தர ஊர்களுக்கே உரிய வியாதி இது. நூறு பேருக்கு இடம் கிடைக்கும், மூவாயிரம் பேருக்கும் கிடைக்கும். நானூறு பேர் வசதியாக நடமாடுகிற மாதிரி ஒரு கூடம் கேட்டுப் பாருங்கள், கையை விரிப்பார்கள். சின்னதை எடுத்தால் மூச்சு முட்டும், பெரியதை எடுத்தால் நானூறு பேர் வந்தாலும் காலியாகத்தான் தெரியும். காலியாகத் தெரிந்தால் அடுத்த வருடம் யாரும் வரமாட்டார்கள்.

ஓவியர்களை அழைத்தால் பயணமும் தங்குமிடமும் நாம்தான் பார்க்க வேண்டும், அது நியாயமும்கூட. ஆனால் பெயர் தெரிந்த ஓவியர் வந்தால்தான் கூட்டம் வரும், கூட்டம் வரும் என்று தெரிந்தால்தான் ஓவியர் வருவார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

ஒரே ஒரு முறை வெளியூர் அமைப்பாளர்கள் சிலர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். சுவரெல்லாம் போஸ்டர். முகமூடி, மேலங்கி, மின்னல், எல்லாம் இருந்தது. நான் மூன்று நாளாகத் தூங்கவில்லை. உள்ளே போனால் மொபைல் உறைகள், டி-சர்ட், சாவிக்கொத்து, பெரிய திரையில் வீடியோ கேம், மேடையில் யாரோ ஒரு டிவி நடிகர். காமிக்ஸ் எங்கே என்று கேட்டதற்கு ஒரு தம்பி, "அந்தக் கழிவறைக்குப் பக்கத்துல ரெண்டு மேஜை போட்டிருக்காங்க, பாருங்கக்கா" என்றான். பார்த்தேன். ஒரு மேஜையில் ஆள் இல்லை. அடுத்த வருடத்துக்கும் அறிவித்தார்கள், டிக்கெட்டும் விற்றார்கள், பத்து நாள் முன்னால் ரத்து. பணம் திரும்பி வந்தது, அதுவரை சரி. ஆனால் அன்றிலிருந்து "அந்த ஊர்ல ஓடாது" என்று எங்கள் தலையில் எழுதிவிட்டார்கள். ஓடாதது சாவிக்கொத்து. பழி காமிக்ஸுக்கு. காஸ்ப்ளே செய்து, அதாவது காமிக்ஸ் பாத்திரங்களைப் போல வேடமிட்டு, வருகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை, ராத்திரி பகலாக உட்கார்ந்து கவசம் ஒட்டுகிற பிள்ளைகள் அவர்கள். அன்றைக்கு அந்த இடத்தில் காமிக்ஸ் படித்தவர்களாக எனக்குக் கிடைத்ததும் அவர்கள்தான்.

ஆள் இல்லை, ஊர் போதாது என்று சொல்கிறவர்களிடம் நான் இரண்டு ஊர்ப் பெயர்களைச் சொல்வது வழக்கம். பிரான்சில் அங்கூலேம். ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் வாழ்கிற ஊர், காகித ஆலைகளுக்குப் பேர்போனது. 1974இல் அங்கே தொடங்கிய காமிக்ஸ் விழா ஐரோப்பாவிலேயே மிக மதிப்புள்ள விழாவாக வளர்ந்தது. அந்த ஊரில் தெருப் பெயர்ப் பலகைகளே பேச்சுக் குமிழி வடிவத்தில் இருக்கின்றன, டின்டினை வரைந்த எர்ஜேவின் பெயரில் ஒரு தெருவும் உண்டு. இன்னொன்று இத்தாலியில் லூக்கா. சுமார் தொண்ணூறாயிரம் பேர். 1965இல் போர்திகேரா என்கிற கடலோர ஊரில் ஆரம்பித்த விழா, அடுத்த வருடமே இங்கே வந்து தங்கிவிட்டது. கோட்டை மதில் சூழ்ந்த பழைய ஊர், உள்ளே சதுக்கம் சதுக்கமாகக் கூடாரம் போட்டு நடத்துகிறார்கள். 2022இல் மூன்று லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. பாரிஸும் ரோமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. எங்கள் ஊர் இந்த இரண்டையும்விடப் பெரியது.

பெரியவையும் பெரியதாகப் பிறக்கவில்லை. நியூயார்க்கில் 1964இல் நடந்ததைத்தான் முதல் காமிக்ஸ் மாநாடு என்று பலரும் சொல்கிறார்கள். நடத்தியவர்கள் பதின்வயதுப் பையன்கள், வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆனால் ஸ்பைடர்மேனை வரைந்துகொண்டிருந்த ஸ்டீவ் டிட்கோ அங்கே வந்திருந்தார். சான் டியேகோவில் 1970 மார்ச்சில் ஒருநாள் வெள்ளோட்டம் பார்த்தபோது 145 பேர். ஆகஸ்டில் மூன்று நாள் நடத்தியபோது 300 பேர், விருந்தினர்களில் மார்வெல் நாயகர்களை வரைந்த ஜாக் கிர்பியும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரியும். இன்று அங்கே ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் வருகிறார்கள். ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட காமிக்ஸை விற்கிற டோக்கியோவின் காமிகெட் சந்தை 1975 டிசம்பரில் 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் ஆரம்பித்தது. என் மனதுக்கு நெருக்கமானது அமெரிக்காவின் ஷார்லட் நகரத்தில் நடக்கிற ஹீரோஸ் கன்வென்ஷன். 1982இல் அதைத் தொடங்கியவர் ஒரு காமிக்ஸ் கடைக்காரர். இன்றைக்கும் அங்கே நடுநாயகம் காமிக்ஸும் அதை வரைகிறவர்களும்தான்.

இதையெல்லாம் சொன்னால் என் தங்கை கேட்பாள், "அதான் எல்லாம் ஆன்லைன்ல கிடைக்குதே அக்கா, எதுக்கு இந்த அலைச்சல்?" கிடைக்கிறதுதான். என் பட்டியலில் பாதியை அப்படித்தான் வாங்கினேன். ஆனால் போட்டோவில் இதழின் முதுகில் விழுந்த மடிப்பு தெரியாது, பின்னட்டையில் ஈரம் பட்ட வாசனை வராது. அதுகூடப் பெரிதில்லை. பெட்டியைப் புரட்டுகிறபோது நடப்பது வேறு. பக்கத்தில் நிற்பவர் தன் பெட்டியைப் புரட்டிக்கொண்டே உங்கள் கையையும் ஓரக்கண்ணால் பார்ப்பார். இரண்டு விரலால் இதழை முன்னுக்குச் சாய்த்து, அட்டையைப் பார்த்து, அடுத்தது, அடுத்தது. பத்து நிமிடத்தில் விரல்நுனி கறுத்துவிடும். அவசரமாகப் புரட்டுகிறவரைக் கண்டால் எனக்குப் பதறும், காரணம் அந்த டேப். பாலித்தீன் உறையின் மடிப்பை ஒட்டுகிற டேப் கொஞ்சம் விட்டுப்போயிருந்தால் போதும், இதழை உருவும்போது அட்டையில் ஒட்டிக்கொண்டு மையோடு கிழித்துக்கொண்டு வந்துவிடும். இப்படித்தான் ஒருமுறை, முன்பின் தெரியாத ஒரு பெண், நான் உறையிலிருந்து ஒன்றை உருவப் போக, "அக்கா, இருங்க, டேப்!" என்று என் மணிக்கட்டையே பிடித்துவிட்டாள். இன்றுவரை சிநேகிதம்.

சரி, சாரிடம் வருகிறேன். ஊர் திரும்பிய வாரமே 22ஆம் இதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு கொடுக்க வந்தார், வாங்கவில்லை. பதிலுக்கு அவரிடம் இரட்டையாக இருந்த இரண்டைத் தந்தார். நான்கு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் அவர்தான் கேட்டார், "நம்ம ரெண்டு பேர்தான் இருக்கோமான்னு பாத்துடலாமாம்மா?"

ஊர் நூலகத்தில் மாடிக் கூடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டோம். விற்பனை கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்றார் நூலகர். எங்களுக்கு அது வசதியாகத்தான் போயிற்று: கல்லாப்பெட்டி இல்லை, மேஜை வாடகை இல்லை. ஆறு மேஜை. அறிவிப்பைக் கையால் எழுதி நகலெடுத்து நூலக வாசலிலும் இரண்டு கல்லூரிகளிலும் ஒட்டினேன். பத்து பேர் வந்தால் வெற்றி என்று நான் சொன்னேன். சார் இருபது என்றார். நான் எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிடுவேன், தொழில் புத்தி.

41 பேர் வந்தார்கள். எண்ணினேன், இரண்டு முறை. எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருவர் தன் இதழ்களை விரித்து வைத்துவிட்டு யாரையும் தொட விடவில்லை, நாள் முழுக்கக் காவல் காத்தார். பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போய், ஜன்னல் ஓரத்து மேஜைகளில் மட்டும் கூட்டம் நெரிந்தது. யார் எதை எதற்கு மாற்றினார்கள் என்பதில் ஒரு சின்னத் தகராறும் வந்தது. தீர்த்துவைக்கப் போன நான் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினேன்.

மூன்று மணி வாக்கில் பதின்மூன்று வயது இருக்கும் ஒரு பையன் வந்தான். மேஜையில் இடமிருக்கா என்று கேட்டு, ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் தன் சரக்கை அடுக்கினான். ஒரே தாளை மூன்று முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகிவிடும், ஸ்டேப்ளர்கூட வேண்டாம். அப்படிச் செய்த சின்னப் புத்தகங்கள், இருபது பிரதி. கதை, படம், எழுத்து எல்லாம் அவனே. வீட்டுக் கூரையில் குடியிருக்கும் ஒரு பூனையும் தண்ணீர்த் தொட்டியும் பேசிக்கொள்கிற கதை. நகல் எடுத்ததில் மூன்றாம் பக்கத்தின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. பூனைக்கு வால் இல்லை. ஐந்தாம் பக்கத்தில் வால் இருந்தது.

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றபடியே எட்டுப் பக்கத்தையும் படித்தார். பிறகு திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார்.

"தம்பி, இங்க காசு வாங்கக் கூடாது. பதிலுக்கு என்ன வேணும் உனக்கு?"

பையன் மேஜை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தான். அப்புறம் கையை நீட்டி, நேராக அந்த 22ஆம் இதழைக் காட்டினான். சார் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.