பிடிக்கவில்லையா, கைவரவில்லையா: ஆர்கேட் ஷூட்டர்களில் ஒரு சோதனை

ஒரு விளையாட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்லும்போது அது ரசனையின் தீர்ப்பா, அல்லது கைவராததற்கு நாமே சூட்டிக்கொள்ளும் கௌரவமான பெயரா என்ற சந்தேகம் ஆர்கேட் ஷூட்டர்களில் (காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்காக உருவான, விமானத்தை ஓட்டி எதிரிகளைச் சுடும் வீடியோ கேம்களில்) எழும் அளவுக்கு எனக்கு வேறெதிலும் எழுந்ததில்லை. இவை முதல் இரண்டு நிமிடங்களிலேயே நம்மை வெளியே தள்ளிவிடக்கூடியவை; தள்ளப்பட்டவர் சொல்லும் விமர்சனத்தை எவ்வளவு தூரம் நம்புவது? அதனால் வெவ்வேறு இயல்புடைய நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, உயிர்கள் தீர்ந்த பின் ஆட்டத்தைத் தொடரவைக்கும் கன்டினியூவை அழுத்தாமல், ஒரே கிரெடிட்டில் (ஒரு முறை போடும் காசுக்குக் கிடைக்கும் ஆட்டத்தில்) பாதி ஸ்டேஜ்களையாவது பதற்றமின்றிக் கடக்கும் வரை எதைப் பற்றியும் முடிவுக்கு வருவதில்லை என்ற விதியுடன் பழகத் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது, கேவ் நிறுவனம் உருவாக்கி 1997இல் வெளியான டோடான்பாச்சி. திரை முழுவதும் தோட்டாக்கள் மழையாகப் பொழியும் இந்த வகையின் மீது எனக்கு நெடுநாள் வெறுப்பு இருந்தது. இது வெறும் கண்கட்டு வித்தை, இதில் யோசிக்க எதுவுமில்லை என்றே நினைத்திருந்தேன். அந்த எண்ணம் கரைந்தது ஒரே ஒரு நுட்பம் கைவந்த பிறகுதான். எதிரிகளின் தோட்டாக்களில் பெரும்பகுதி, சுடப்படும் கணத்தில் நம் விமானம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைக் குறிவைத்து வருபவை. பதறிப்போய் இடமும் வலமுமாக ஓடினால், ஓடிய இடங்களுக்கெல்லாம் தோட்டாக்கள் சிதறி, ஒதுங்குவதற்கு இடமே இல்லாமல் போகும். மாறாக, திரையின் ஓர் ஓரத்திலிருந்து ஜாய்ஸ்டிக்கை மெல்லத் தட்டித் தட்டி நகர்ந்தால், அவை அனைத்தும் ஒரே கற்றையாக நமக்குச் சற்றுப் பின்னால் விழுந்துகொண்டே வரும். மறு ஓரத்தை நெருங்கும் முன்பு சட்டென்று ஒரு பெரிய அசைவு கொடுத்தால் கற்றையில் இடைவெளி விழுகிறது. அதன் வழியே புகுந்து திரும்பிவிடலாம். இதோடு, பட்டனை விடாமல் அழுத்தினால் விமானத்தின் சுடுமுறை லேசராக மாறி அதன் வேகமும் குறையும் என்பதையும், தோட்டா பட்டால் உயிர்போகும் பகுதி விமானத்தின் உருவத்தைவிட மிகச் சிறியது என்பதையும் கை உணர்ந்துவிட்டால், திரையில் தெரிவதே வேறாகிவிடுகிறது. முன்பு ஒரே குழப்பமாக இருந்த இடத்தில், எது என்னைத் தேடி வருகிறது, எது தன் போக்கில் போகிறது என்று கண் பிரித்துப் பார்க்கிறது. இங்கே கைத்திறன் ரசனைக்கு உதவியது என்று சொல்வதுகூடப் போதாது. ரசிக்க வேண்டிய பொருளே அதற்கு முன் என் கண்ணில் படவில்லை.

வீட்டில் எத்தனை கிரெடிட் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது இந்த விஷயத்தில் பெரிய இடைஞ்சல். டோடான்பாச்சி செத்த இடத்திலேயே நம்மை மீண்டும் இறக்கிவிடுவதால், கன்டினியூவை அழுத்திக்கொண்டே போனால் சிறிது நேரத்தில் இறுதிக் காட்சியைப் பார்த்துவிடலாம். ஆனால் ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டோம். ஐரெம் 1987இல் வெளியிட்ட ஆர்-டைப் இதற்கு இடமே கொடுப்பதில்லை. செத்தால், வழியில் எடுத்துச் சேர்த்த ஆயுத பலங்களான பவர்-அப்கள் அனைத்தையும் பறித்துக்கொண்டு பின்னால் உள்ள ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு அனுப்பிவிடும். காசு போட்டாலும் நிலைமை அதேதான். இதில் எனக்குக் கிடைத்த முடிவு நேர்மாறானது. நம் விமானத்தோடு இணையும் ஃபோர்ஸ் எனப்படும் அழியாத உருண்டையை முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா, கழற்றி எதிரியின் மீது ஏவுவதா என்று முடிவெடுப்பது தொடக்கத்திலேயே, அதாவது மிக மோசமாக ஆடிக்கொண்டிருந்தபோதே, எனக்குப் பிடித்துப்போயிற்று. மூன்றாவது ஸ்டேஜில் திரையை அடைத்துக்கொண்டு வரும் போர்க்கப்பலைச் சுற்றி ஊர்ந்தபடி ஒவ்வொரு பகுதியாக உடைப்பதை, கைவராத நாட்களிலும் ரசித்தேன். ஆகவே, திறமை வந்த பிறகே ரசனை வரும் என்ற எளிய சூத்திரம் இங்கே உடைந்துவிட்டது.

அதிகச் சிக்கல் தந்தது, ரைசிங் நிறுவனத்தின் பேட்டில் காரெக்கா, 1996ஆம் ஆண்டு வெளியானது. ரேங்க் என்று அழைக்கப்படும் கடினத்தின் அளவு இதில் திரைக்குப் பின்னால் ஏறிக்கொண்டே இருக்கிறது: சுட்டால் ஏறும், பவர்-அப் எடுத்தால் ஏறும், சும்மா இருந்தாலும்கூட மெல்ல ஏறும். குறைவதற்கு வழி ஒன்றே ஒன்றுதான், சாக வேண்டும். கையிருப்பில் உயிர்கள் குறைவாக இருக்கும்போது செத்தால் ரேங்க் இன்னும் அதிகமாக இறங்கும். எனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் தேவைக்கு மேல் சுடுவதில்லை, கண்ணில் படும் பவர்-அப்பையெல்லாம் அள்ளுவதில்லை, ஸ்கோர் சேர்த்துக் கூடுதல் உயிர்களைப் பெற்று, தக்க தருணத்தில் வேண்டுமென்றே அவற்றை இழக்கிறார்கள். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு, ஓரளவு செயல்படுத்தவும் கற்றுக்கொண்ட பிறகு, இதை வடிவமைத்த மூளையின் மீது எனக்குப் பெரும் மரியாதை வந்தது. ஆனால் விருப்பம் வரவில்லை. சுடும் ஆட்டத்தில் சுடும்போதெல்லாம் உள்ளே ஒரு மீட்டர் ஓடுவதை நினைத்துத் தயங்கும் விரல் எனக்கு வேண்டாம். இந்த வெறுப்பை இப்போது தயக்கமின்றி ரசனை என்றே சொல்கிறேன். கைவராத காலத்தில் இதையே சொல்லியிருந்தால் அது புலம்பலாகத்தான் இருந்திருக்கும். (தோட்டாக்கள் பின்னணியோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன என்ற பழைய புகார் வேறு விஷயம். அது எவ்வளவு திறமை வந்தாலும் நியாயமான புகாரே.)

ட்ரெஷர் 2001இல் கொண்டுவந்த இகாருகா நான்காவது. வெள்ளை, கறுப்பு என இரண்டே நிறங்கள். நம் விமானத்தின் நிறத்திலேயே வரும் தோட்டாவை உள்வாங்கிக்கொள்ளலாம், எதிர் நிறத்தில் இருக்கும் எதிரியைச் சுட்டால் இருமடங்கு சேதம். உயிர் பிழைப்பதற்காக மட்டும் ஆடியவரை எனக்கு இதைவிட அழகான ஆட்டம் வேறில்லை. பிறகு ஸ்கோரில் இறங்கினேன். ஒரே நிற எதிரிகளை மும்மூன்றாக வீழ்த்தித் தொடரை அறுபடாமல் நீட்ட வேண்டும் என்பதால், எந்த எதிரி எங்கே எப்போது வரும் என்பதை முழுமையாக மனப்பாடம் செய்தாக வேண்டும். என் கை தேறத் தேற ஆட்டம் சுருங்கிக்கொண்டே போனது. நான் விரும்பியது நிறம் மாற்றும் கணத்தில் எடுக்கும் முடிவை. நன்றாக ஆடும்போது அந்த முடிவு எடுக்கப்படுவதே இல்லை, முன்பே எழுதிவைத்ததை விரல் ஒப்பிக்கிறது. ஆனால் அந்த மனப்பாடத்தில்தான் இசை இருக்கிறது என்று சொல்பவர்களின் ஆட்ட வீடியோக்களைப் பார்க்கும்போது நானும் அசந்துபோகிறேன். என்னால் ஆட முடியாததையும், ஆட விரும்பாததையும் பார்த்து மகிழ முடிகிறது என்பது இந்தச் சோதனையில் நான் எதிர்பாராத கிளைமுடிவு.

தற்போது கேவ் நிறுவனத்தின் கெட்சுயி என்ற ஆட்டத்தில் இருக்கிறேன். எதிரியை எவ்வளவு நெருங்கிச் சுட்டு வீழ்த்துகிறோமோ அந்த அளவுக்கு அதிக மதிப்புள்ள சிப்கள் விழுகின்றன. ஒன்றிலிருந்து ஐந்து வரை அவற்றின் மதிப்பு போகும். திரையின் அடிப்பகுதியில் பதுங்கியே ஆடிப் பழகிய எனக்கு ஒன்றும் இரண்டுமாகவே விழுகின்றன. இரண்டாவது ஸ்டேஜில் பெரிய டாங்குகள் வரும் இடத்தில் மட்டும் துணிந்து மேலே ஏறி ஐந்துகளைப் பொறுக்குகிறேன், அடுத்த அலையில் சாகிறேன். இது பயமா விருப்பமின்மையா என்று பிரித்துச் சொல்லும் நிலைக்கு இன்னும் வரவில்லை.