பெரியம்மா பார்த்த யாளி

"இது யாளிதானேப்பா?" என்று கேட்டார் பெரியம்மா. தஞ்சாவூரிலிருந்து முதல் தடவையாகச் சிங்கப்பூர் வந்திருப்பவர். சிங்கத்தலையும் மீன் உடம்புமான மெர்லயன் சிலைக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்று, வாலிலிருந்து பிடரிவரை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். எனக்கு அது தோன்றியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒப்பித்தேன்: சிங்கத்தலை சிங்கபுரத்துக்கு, மீன் உடம்பு அதற்கு முந்தைய துமாசிக் என்ற கடலோர ஊருக்கு. மற்றபடி தல புராணம் எதுவும் கிடையாது. 1964இல் சுற்றுலா வாரியத்தின் சின்னமாக ஃபிரேசர் பிரன்னர் என்பவர் வரைந்து கொடுத்தது. அவருக்கு வேலை மீன் காட்சியகத்தில். வால் எங்கிருந்து வந்தது என்று நான் ஆராயப்போவதில்லை.

லிம் நாங் செங் அதைச் சிமெண்டில் வடித்தார். 8.6 மீட்டர் உயரம், 70 டன். 1972 செப்டம்பர் 15 அன்று லீ குவான் யூ திறந்துவைத்தார். உடம்புக்குப் பீங்கான் தட்டுகள், கண்களுக்குச் சிவப்புத் தேநீர்க் கோப்பைகள் என்று சொன்னதும் பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கோப்பையா? பிடி எங்கே போயிற்று?"

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பா இதே சிலையின் பக்கத்தில் பெல்பாட்டம் போட்டு நிற்கிறார். ஆனால் இதே இடமில்லை. அப்போது சிலை ஆற்று முகத்துவாரத்தில் இருந்தது. படத்தில் பின்னால் வெறும் தண்ணீர்தான். 1997இல் எஸ்பிளனேட் பாலம் குறுக்கே வந்து அதன் முகத்தையே மறைத்துவிட்டது. மறுவருடம் பம்பும் பழுதாகி வாய் வறண்டது. 2002இல்தான் படகில் ஏற்றி, பாலத்துக்கு மேலாகத் தூக்கி, 120 மீட்டர் தள்ளி இங்கே வைத்தார்கள். அப்பா நின்ற இடத்தைப் பெரியம்மாவுக்குக் காட்ட நினைத்தேன். சுமாராக ஒரு திசையைத்தான் காட்ட முடிந்தது. 2008இல் மரீனா அணைக்கட்டு வந்தபின் முன்னால் இருப்பது கடலும் இல்லை, நன்னீர்த் தேக்கம். கடல் பிராணியைக் குளத்தில் விட்ட கதை.

சுற்றிலும் எல்லோரும் வாயைத் திறந்து, சிங்கம் துப்பும் நீரைக் குடிப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "நீங்களும் நில்லுங்கள்" என்றேன். பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, இடக்கையின் மேல் வலக்கையைக் குழித்துத் தீர்த்தத்துக்கு நீட்டுவதுபோல் நீட்டினார்.

நான் நாலடி இடப்பக்கம் நகர்ந்தேன். நீர் சரியாக உள்ளங்கையில் விழுந்தது.