இளையவர்களோடு குளக்கட்டில்

ஐம்பது வயதைத் தாண்டிய நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஒருவருக்கு முதலில் மாறுவது கண். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் லெவல் கருவியை என் பார்வைக்கேற்பத் திருப்பிக்கொள்ள முடிகிறது. நானே களப் புத்தகத்தில் எழுதிய இலக்கங்களை வாசிக்கத்தான் வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படுகிறது. மட்டக்களப்பில் என்னோடு பணியாற்றும் இளையவர்கள், நாங்கள் வாரக்கணக்கில் வெயிலில் நின்று எடுத்த அளவைகளை ட்ரோன் கொண்டு மிக விரைவாக எடுத்துவிடுகிறார்கள். அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. கணக்கும் வரைபடமும் அவர்கள் கைக்கு இவ்வளவு எளிதாக வந்துவிட்ட பிறகு, அவர்களுக்கு நான் கொடுக்க வேண்டியது எது என்பதே இந்த வயதில் என்னை ஆட்கொண்டிருக்கும் கேள்வி.

பெரும்போக மழையில் குளம் நிரம்பியிருக்கும்போது மண்ணாலான குளக்கட்டின் வெளிப்புற அடியில் நீர் கசிவது வழக்கம். கசிவு தெளிவாகவும் அளவில் மாறாமலும் இருந்தால் கண்காணித்து வரலாம். கலங்கி வந்தால், கட்டின் உள்ளிருந்து மண் அரிபடுகிறது. அந்த அரிப்பு குழாய்போல உள்நோக்கி நீண்டு கட்டையே உடைக்கக்கூடும். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் எல்லாப் பிள்ளைகளும் இதைப் படித்தே வருகிறார்கள். ஆனால், அடைமழையில் சரிவு முழுவதும் சேற்று நீர் வழிந்தோடும்போது, அதில் எது கசிவு, எது மழைநீர் என்று பிரித்தறிவது வேறு விடயம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு சிறு குளத்தின் கட்டில் நின்றபோது, புதிதாக வந்த பொறியியலாளர் ஒருவர், "சேர், இது கலங்கல் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். என் கண் கண்டுகொண்டதை முதன்முறையாக வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டியிருந்தது: ஊற்றுவாயைச் சுற்றி மண் வளையம் படிந்திருக்கிறதா, போத்தலில் பிடித்து வைத்த நீரின் அடியில் வண்டல் இறங்குகிறதா, மழை விட்ட பின்னும் அதே அளவு வருகிறதா, சென்ற மாரியிலும் இவ்விடத்தில் ஈரம் இருந்ததா. கடைசிக் கேள்விக்குரிய விடை எங்களிடம் இல்லை. அது, வயல்களுக்கு நீர் பங்கிடுவதைப் பார்த்துக்கொள்ளும் வட்டை விதானையிடம் இருந்தது. கற்பிக்கும்போதுதான் என் அறிவு எவ்வளவு பேரிடமிருந்து வந்தது என்பது எனக்குத் தெரிகிறது.

என் மூத்தவர்கள் 1978 நவம்பர்ச் சூறாவளியை வைத்து எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நான் 2011 ஜனவரி வெள்ளத்தை வைத்துச் சொல்கிறேன். உன்னிச்சைக் குளத்தின் மிகைநீரை வெளியேற்றும் வான்கதவுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்பது நீர்மட்டத்தோடு முடிவதில்லை. கீழே தாழ்ந்த வயல்களும் வீதிகளும் இருக்கின்றன, அவற்றுக்கும் அப்பால் வாவி நிரம்பியிருக்கிறது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்த மணல்திட்டை வெட்டிவிடுவதிலும் விவசாயியின் தேவை ஒன்று, மீனவரின் தேவை இன்னொன்று. இத்தகைய முடிவுகளில் இளையவர்களை ஆரம்பத்திலிருந்தே உடன் அமர்த்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போர்க்காலத்தில் எங்கள் மூத்தவர்களில் பலர் நாட்டை விட்டுப் போனதால், கேட்க ஆளில்லாமல் நாங்கள் தடவித் தடவிக் கற்றவை பல. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இளையவர்களும் புறப்படுகிறார்கள். போகப்போகிறவருக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று சிலர் கேட்பதுண்டு. எந்த நாட்டுக் கட்டில் நின்றாலும் கலங்கிய கசிவு அதே ஆபத்துத்தான். அதை அறிந்த ஒருவர் அங்கே இருப்பது எனக்கு நிறைவு தருகிறது. ஆயினும் இங்குள்ள குளங்களுக்கும் அந்த அறிவு எஞ்ச வேண்டும். ஆகவே வான்கதவுப் பதிவேட்டில் திறந்த நேரத்தையும் அளவையும் எழுதுவதோடு, ஏன் திறந்தோம் என்பதையும் இரண்டு வரியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். வட்டை விதானைமார் சொல்வதை அவர்கள் சொன்னபடியே அதில் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.