எள்ளளவு ஷார்ட்

காசிமேட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். உப்புத்தண்ணீர் குடித்த போன்தான் பாதி வேலை. போர்டைக் கழுவிக் காயவைத்ததும் பேட்டரியை மாட்ட மாட்டேன். முதலில் பேட்டரிக்குப் பதிலாக, வோல்ட்டையும் ஆம்பியரையும் எண்ணில் காட்டும் பவர் சப்ளை பெட்டி: 4 வோல்ட், கரன்ட் லிமிட் (அதற்கு மேல் கரன்ட் போகாது) 1 ஆம்பியர். (ரவுட்டருக்கு வைத்த 12 வோல்ட்டைக் குறைக்க மறந்து ஒருமுறை ஒரு போர்டைப் புகையவிட்டிருக்கிறேன்.)

நேற்று ஒரு அண்ணனின் போன். பவர் பட்டனைத் தொடவே இல்லை. சப்ளையை மாட்டியதுமே, கரன்ட் லிமிட்டைத் தொட்டுவிட்டது என்று காட்டும் சிசி விளக்கு எரிந்து வோல்ட் 0.3க்கு இறங்கிவிட்டது. ஷார்ட்தான்.

“இன்னாப்பா, பேட்டரி போச்சா?”

“இல்லண்ணே, இருங்க.”

சப்ளையை எடுக்காமல் போர்டில் ஆல்கஹால் தடவினேன். ஷார்ட் ஆன இடம் சூடாகும்; ஒரே இடம் மட்டும் சட்டென்று காய்ந்தது. அங்கே எள்ளளவு கெபாசிட்டர். அதைக் கழற்றியதும் ஆம்பியர் 0. அப்புறம் பட்டனை அழுத்தினேன். சப்ளையில் ஆம்பியர் எண்கள் ஏறி இறங்கி ஆடின, போனில் லோகோ வந்தது.