தாத்தாவுக்கு மூன்று பெயர்

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அப்பா தகரப் பெட்டியைத் திறந்து காகிதங்களைத் திண்ணையில் பரப்பினார். பட்டாவில் தாத்தாவுக்கு ஒரு பெயர். ஆதாரில் இன்னொன்று. கிரயப் பத்திரத்தில் குலசாமி பெயரும் ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று. அப்பாவுக்கே அன்றுதான் தெரிந்தது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அங்கே யாரும் தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘வாய்க்கா ஐயா’தான். ஜூன் 12 மேட்டூர் திறந்தாயிற்று என்று ரேடியோவில் கேட்டால் போதும், மறுநாள் விடியலில் மண்வெட்டியோடு வாய்க்கால் தலைப்பில் நிற்பார். தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் மடைக்கு வர இன்னும் நாளிருக்கும். அதற்குள் கோரையை அறுத்து, தூர்ந்த இடத்தில் மண்ணை வாரிப் போட்டுவிடுவார். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் தன் மடையைத் திறக்க மாட்டார். ஒரு வருஷம் இதனாலேயே எங்கள் நாற்றங்கால் காய்ந்தது. அப்பாயி அதைக் கடைசிவரை சொல்லிக் காட்டினாள்.

சரி, தாத்தா நிலத்தின் பட்டாவை மாற்றிய கதைக்கு வருகிறேன். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமே பதியலாம், அதில் சிரமமில்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். “கட்டிக் கொடுத்த பொண்ணுங்க பேரு எதுக்கு?” என்று உறவுக்காரர் ஒருவர் மூக்கை நுழைத்தார். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம், உயிலும் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாயி, அப்பா, இரண்டு அத்தைகள், நாலு பேருக்கும் சம பங்குதான். அப்பா பதிலே பேசாமல் அத்தைகளின் ஆதாரை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சான்றிதழ் வந்துவிட்டது. பட்டா மாற்றத்தில்தான் மாட்டினோம். இறப்புச் சான்றில் ஆதார்ப் பெயரை மட்டும் கொடுத்திருந்ததால், ‘பெயர் வேறுபாடு’ என்று மனு திரும்பி வந்தது. பதியும் முன்பே பட்டாவையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம், மறுபடி மனு, மறுபடி விசாரணை.

மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும் என்றார் வி.ஏ.ஓ. பத்துப் பேர் வந்துவிட்டார்கள். கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் பெரியவர், மூன்று பெயரையும் பொறுமையாகக் கேட்டார். “இந்த மூணு பேரையும் எனக்குத் தெரியாதுங்க. வாய்க்கா ஐயாவைத் தெரியும். எங்க போடணும்?” என்று பேனாவை வாங்கிக்கொண்டார். வி.ஏ.ஓ. சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெரியவர் கிளம்பவில்லை. 2018 கஜா புயலில் வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்த தென்னைகளைத் தாத்தா அந்த வயதிலும் ரம்பத்தோடு நின்று அறுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். காபி இரண்டு தடவை போட்டோம்.

ஒருவழியாகக் கூட்டுப் பட்டா வந்தது. பரப்பு 0 - 53.50 என்றிருந்ததைப் படித்ததும் அப்பாயி பதறினாள். “நாலு மா நிலத்துக்கு முன்னாடி சைபர் போட்டிருக்கானே!” ஹெக்டேர், அதில் நூறில் ஒரு பங்கான ஏர் என்ற கணக்கு, மூன்று மா ஓர் ஏக்கர் என்று விளக்கினேன். பாதிதான் நம்பினாள். அப்புறம் பெயர்களைப் படிக்கச் சொன்னாள். நாலு வரியிலும் முதலில் தாத்தா பெயர், அதற்குப் பின் மனைவி, மகன், மகள், மகள்.

“ஒருத்தர் பேரை எடுக்கத்தானே இம்புட்டு அலைஞ்சீங்க? நாலு தடவை போட்டு வச்சிருக்கான்” என்றாள் அப்பாயி.