அவசரகாலத்தில் திருட்டே இல்லையாமே

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பக்கம் பெரியவர்கள் பிரிட்டிஷ் மலாயாவின் அவசரகாலத்தைப் பற்றி இன்னமும் சொல்வார்கள், "அவசரகாலத்துல கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம்" என்று. என்னால் இதை ஏற்க முடியவில்லை.

1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி வந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. குற்றம் ஒழியவில்லை, ஆள்தான் மாறினான். ஆட்சியை எதிர்த்துப் போராடிய கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இரவில் காட்டிலிருந்து வந்து சந்தாவும் அரிசியும் கேட்பார்கள். கொடுத்தால் போலீஸ் பிடிக்கும், மறுத்தால் உயிருக்கே ஆபத்து. இந்த நிலையில் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் எந்த ஆள் ஸ்டேஷன் படியேறிப் புகார் கொடுப்பான்? பதிவேடு அமைதியாக இருந்தால் ஊரும் அமைதியாக இருந்தது என்று அர்த்தமா?

அப்புறம், அதுவரை குற்றமே இல்லாதவை குற்றமாயின. காட்டில் இருந்த கெரில்லாக்களுக்கு உணவு போகக்கூடாது என்று, விற்கும்போதே டின்னில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், சேர்த்து வைக்க முடியாதபடி. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, போகிறவர்களை கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். வெறும் வயிற்றோடு மரத்தடிக்குப் போனவர்கள் நம் பாட்டிகள். துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டது அந்தச் சட்டத்தில்தான். கெரில்லாக்களுக்கு ஊர் மக்களின் உதவி கிடைக்காமல் செய்ய பிரிட்டிஷார் போட்ட பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்த வேலிக்குள் கிடைத்ததை நிம்மதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வீட்டில் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இருந்தால், கேட் சோதனை பற்றிக் கேட்டு இங்கே எழுதுங்கள்.