பூச்சாவின் கடிதம்

செப்டம்பர் 17, கேசான் சிட்டி, பிலிப்பைன்ஸ்
மழை விடவில்லை. சுமதியின் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

செப்டம்பர் 18
‘டாக்ஈட்டர்ஸ்’ நாவலை ராத்திரி வார்டிலேயே உட்கார்ந்து முடித்தேன். ஜெசிகா ஹாகெடோர்ன், 1990. சர்வாதிகாரி மார்கோஸ் காலத்து மணிலா. செய்தித் துணுக்கு, வானொலி நாடகம், பழைய பயண நூலின் பக்கங்கள் என்று கலைந்து கிடக்கும் கதை. அதில் ஒரு பகுதியை ரியோ என்ற பெண் சொல்கிறாள். முடிகிற இடத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா பூச்சா எழுதுகிறாள்: நீ சொன்னதெல்லாம் தப்பு, நடந்தது வேறு. அதுவரை ரியோவை நம்பி வந்தவன் நான்.

சுமதியிடம் சொன்னேன். “அப்போ யார் சொல்றதுங்க நிஜம்?” என்றாள். பதில் யோசிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

செப்டம்பர் 19
பூச்சா. நாள் முழுக்கப் பூச்சா.

செப்டம்பர் 20
நாவலாசிரியர் நினோச்கா ரோஸ்கா மார்கோஸின் ராணுவச் சட்டத்தில் சிறை இருந்தவர். அவருடைய ‘ஸ்டேட் ஆஃப் வார்’ (1988) தீவுத் திருவிழாவில் தொடங்குகிறது, தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போகிறது, மறுபடி திருவிழாவுக்கே வருகிறது. சுமதி இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

செப்டம்பர் 21
ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்த 1081ஆம் பிரகடனத்தில் இருக்கும் தேதி 1972 செப்டம்பர் 21. நாட்டுக்கு அறிவித்தது 23. நடுவில் 22 இரவு, பாதுகாப்புச் செயலர் என்ரிலேயின் காரைச் சுட்டார்கள். அவர் வேறு காரில் இருந்தாராம். 1986இல் அது நாடகம் என்றார். 2012இல் வந்த சுயசரிதையில், உண்மையாகவே நடந்தது என்றார். ஒரே மனிதர் ரியோவாகவும் பூச்சாவாகவும் பேசியிருக்கிறார். இந்த ஊர் எழுத்தாளர்கள் கதையைத் துண்டு துண்டாக்குவதை வெறும் வித்தை என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் கைக்கு வந்த வரலாறே அப்படித்தான் வந்தது.

செப்டம்பர் 22
வரவில்லை. திங்கள் என்கிறார்கள்.

செப்டம்பர் 23
தூக்கமில்லை. ஒரே கவலை. மார்கோஸும் வரலாற்றை எழுதவைத்தவர்தான்: ‘தாதானா’, அவர் பெயரில் பல தொகுதிகள். எழுதியவர்கள் பேராசிரியர்கள். எரிக் கமலிந்தாவின் ‘எம்பயர் ஆஃப் மெமரி’யில் (1992) இரண்டு பேருக்கு இதே வேலை. சரி, எந்தச் சாட்சியையும் நம்பாதே என்று நாவல் நம்மைப் பழக்கினால் லாபம் யாருக்கு? அப்பா காலம் பொற்காலம் என்ற பேச்சு பரவித்தானே 2022இல் மகன் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார்? விடியும்போது ஒன்று தோன்றியது. பூச்சா மறுக்கும்போது தன் பெயரைப் போட்டு மறுக்கிறாள். ஒட்டுப்போட்ட இடம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ‘தாதானா’வின் அட்டையில் எழுதியவர்கள் பெயர் இல்லை. இது போதுமா? போதவில்லை.

செப்டம்பர் 24
ஜீப்னி பிடித்துப் பந்தாயோக் நினைவிடத்துக்குப் போனேன். கருங்கல் சுவரில் மார்கோஸை எதிர்த்தவர்களின் பெயர்கள். மழைத் தண்ணீர் எழுத்து வெட்டுகளில் தங்கித் தங்கி இறங்கியது. ஒரு பெயரை விரலால் தடவினேன். ஆளை எனக்குத் தெரியாது. ஆழமாகத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 25
பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். பதினொன்றரை ஆகிறது. “அந்தப் பூச்சா கடிதத்தைப் படிங்களேன்” என்றாள் சுமதி. தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். பாதியில் நர்ஸ் கூப்பிட்டார்.